32 ஜிபி வேண்டாம் டீச்சர், ஒரே ஒரு ஸ்டிக் போதும்

பட்டர்வொர்த் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய லேப்டாப் 2021-இல் வாங்கியது: இன்டெல் ஐ5-1135ஜி7 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடம் ஏற்றுவது, கேன்வாவில் பயிற்சித்தாள் செய்வது, கூகுள் மீட் கூட்டம், எப்போதாவது பள்ளி விழாக் காணொளியை வெட்டி ஒட்டுவது என்று நாள் முழுக்க அதில்தான் வேலை. குரோமில் பத்துப் பன்னிரண்டு டேப் திறந்திருக்கும்போது மீட்டில் நுழைந்தால் குரல் விட்டு விட்டு வருகிறதாம். பெற்றோர் கூட்டத்தின் நடுவே திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டதாம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்காரர் மூடியைத் திறந்து பார்க்காமலே, “16 ஜிபி இரண்டு போட்டு 32 ஆக்கினால்தான் தாங்கும், 980 வெள்ளி” என்றிருக்கிறார். படிவம் ஐந்து படிக்கும் மகன், “சி டிரைவில் 9 ஜிபிதான் பாக்கி, மெமரி நிறைந்துவிட்டது, அதுதான் காரணம்” என்கிறான். வேறு கம்பெனி ரேமைக் கலந்து போட்டால் மதர்போர்டு எரிந்துவிடும், புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்பது கணவரின் கட்சி. ஆசிரியைக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: 8 ஜிபி என்று வாங்கிய லேப்டாப் 7.7 தான் காட்டுகிறது, அப்போதே ஏமாந்துவிட்டேனா என்று கேட்கிறார். இணையக் கடையில் மூன்று ரேம்களைக் கூடையில் போட்டு வைத்திருக்கிறார். எதை வாங்குவது?

டீச்சர், உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம், எந்த நிரல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்த எண்களை அப்படியே எழுதி அனுப்பியது. லேப்டாப்பின் அடியிலுள்ள முழு மாடல் எண்ணையும் தந்திருக்கிறீர்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் யாரும் உங்களுக்கு ஊகத்தில் எதையும் விற்க முடியாது.

முதலில் 7.7 கணக்கைத் தீர்த்துவிடுவோம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியும் மற்ற வன்பொருளும் ரேமில் கொஞ்சத்தைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்கின்றன. “ஹார்ட்வேர் ரிசர்வ்டு” என்று டாஸ்க் மேனேஜரின் அடியில் தெரிவது அதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்று காட்டுவது வேறு காரணத்தால்: தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

மகன் சொன்னதில் பாதி உண்மை

மெமரி என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கும் சொல்வதால் வரும் குழப்பம் இது. எஸ்எஸ்டி என்பது கோப்புகளைப் பூட்டி வைக்கும் அலமாரி, ரேம் என்பது வேலை நடக்கும்போது அவற்றை விரித்து வைக்கும் மேசை. அலமாரி நிறைந்தால் மேசை சிறுத்துவிடாது. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது, அதை உங்கள் எண்களே காட்டுகின்றன.

“இன் யூஸ்” 6.9 ஜிபி, “கமிட்டட்” 13.4/16.2 என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் முதல் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். எனக்கு முக்கியம் இரண்டாவது. திறந்திருக்கும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து விண்டோஸிடம் கேட்டு வாங்கியிருப்பது 13.4 ஜிபி. உண்மையில் இருப்பதோ 7.7. மீதிக்கு விண்டோஸ் ரேமில் உள்ளதைச் சுருக்கி வைக்கும், அதுவும் போதாதபோது எஸ்எஸ்டியில் பேஜ்ஃபைல் என்ற கோப்பில் இறக்கி வைக்கும். 16.2-இல் 7.7-ஐக் கழித்தால் வரும் எட்டரை ஜிபி அந்தக் கோப்பின் அளவு. ஏற்கெனவே நெரிசலான சி டிரைவில் எட்டரை ஜிபியை அது பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மீட்டில் குரல் விட்டு விட்டு வருவது இதனால்தான். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க நானோவினாடிகள் போதும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல பத்து மைக்ரோவினாடிகள் ஆகும், அதாவது நூறு மடங்குக்கும் மேல். நீங்கள் டேப் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டையை இறக்கி இன்னொன்றை ஏற்றவேண்டியிருக்கிறது. டிரைவ் நிரம்பி வழியும்போது எஸ்எஸ்டி எழுதும் வேகமும் குறையும்.

ஆகவே ஒரு வெள்ளி செலவழிக்கும் முன்னால் டிரைவைக் காலி செய்யுங்கள். விழாக் காணொளிகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை எல்லாவற்றையும் வெளி டிரைவுக்கு மாற்றி, 45 ஜிபியாவது காலி வையுங்கள். குரோம் அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை இயக்குங்கள். “ரேம் கிளீனர்” என்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகளைத் தொடவேண்டாம். ரேமில் இருப்பதைப் பலவந்தமாக டிரைவுக்குத் தள்ளிவிட்டுக் காலியிடம் காட்டுவதுதான் அவற்றின் வேலை, அடுத்த நிமிடமே அத்தனையும் திரும்ப ஏறியாக வேண்டும்.

இதெல்லாம் செய்து ஒரு வாரம் பாருங்கள். ஓரளவு சுகம் கிடைக்கும். முழுதாகத் தீராது என்பதே என் கணிப்பு, ஏனென்றால் 13.4 என்ற தேவை உண்மையான தேவை.

உங்கள் லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட் இல்லை

கடைக்காரர் திறந்து பார்க்காமல் சொன்ன தவறு இதுதான். உங்கள் மாடல் எண்ணுக்குரிய தயாரிப்பாளரின் விவரத்தாளில் தெளிவாக இருக்கிறது: 4 ஜிபி போர்டிலேயே பற்றவைத்தது, ரேம் பலகையை (ஸ்டிக்) செருக ஒரே ஒரு ஸ்லாட், அதில் இன்னொரு 4 ஜிபி. பற்றவைத்ததைக் கழற்ற வழியில்லை. 16 ஜிபி இரண்டு வாங்கினால் ஒன்றை மேசை டிராயரில்தான் வைக்கவேண்டும். அவர் வேண்டுமென்றே சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பல மாடல்களில் இரண்டு ஸ்லாட் உண்டு, பழக்கத்தில் சொல்லியிருப்பார். ஆனால் 980 வெள்ளி உங்களுடையது.

டாஸ்க் மேனேஜர் “ஸ்லாட்ஸ் யூஸ்டு 2 ஆஃப் 2” என்று காட்டுவதை வைத்தே இரண்டு ஸ்லாட் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்றவைத்த ரேமையும் அது ஒரு ஸ்லாட்டாக எண்ணிவிடும். விவரத்தாளும் மூடியைத் திறந்து பார்ப்பதும்தான் நம்பகமானவை. எல்பிடிடிஆர் வகை ரேம் என்று போட்டிருக்கும் மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஸ்லாட்டே இருக்காது, அங்கே ரேம் ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் தப்பித்தீர்கள்.

இப்போது உங்களுக்கு இரண்டே வழி. ஸ்லாட்டிலுள்ள 4 ஜிபியை எடுத்துவிட்டு 8 போட்டால் மொத்தம் 12. அல்லது 16 போட்டால் மொத்தம் 20.

12 ஜிபியில் கிராபிக்ஸ் ஒதுக்கீடு போக 11.7 நிற்கும். உங்கள் தேவை 13.4. கேட்டு வாங்கிய இடம் அத்தனையையும் நிரல்கள் எப்போதும் தொடுவதில்லை என்பதால் 12-இலேயே பெரிய மாற்றம் தெரியும், ஆனால் காணொளி வேலை நாளில் மறுபடி மூச்சு வாங்கும். 20 என்றால் கவலையே இல்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு உற்பத்தியைத் திருப்பிவிட்டதால் வந்த வினை. இந்த விலையில் 8 வாங்கி, அடுத்த ஆண்டு அதைக் கழற்றி எறிந்து 16 வாங்குவது இரட்டைச் செலவு. 16 ஜிபி ஒன்றே ஒன்று, அதுவே என் பரிந்துரை.

இதில் ஒரு சின்ன அபாயம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. விவரத்தாளில் உச்ச அளவு 12 ஜிபி என்று போட்டிருக்கிறது. அது தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த அளவு. உங்கள் பிராசசர் 64 ஜிபி வரை தாங்கும் என்று இன்டெலே சொல்கிறது, 16 ஜிபி ஸ்டிக் இந்த வகையில் பெரும்பாலும் சிக்கலின்றி ஓடும். இருந்தாலும் “பெரும்பாலும்” என்பதற்கு நீங்கள் பணம் கொடுக்கவேண்டாம். போட்டுக் காட்டிப் பணம் வாங்கும் கடையில் வாங்குங்கள். கொம்தார், பிராங்கின் மால் பக்கமும், கோலாலம்பூரில் லோயாட் பிளாசாவிலும் கவுண்டரிலேயே திறந்து மாட்டித் தரும் கடைகள் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே இணையத்தில் நாலைந்து வெள்ளி குறைவாகக் கிடைப்பதை விட்டுவிடச் சொல்வேன்.

4-உம் 16-உம் அளவில் ஒத்துப்போகாதே என்று கேட்பீர்கள். இரண்டிலிருந்தும் நான்கு நான்கு ஜிபியை எடுத்து, முதல் 8 ஜிபியை, இரண்டிலும் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும் இரட்டைத் தடமாக (டூயல் சேனல்) இன்டெல் ஓட்டும். மீதி 12 ஒற்றைத் தடத்தில் ஓடும். ஒற்றைத் தடமே வினாடிக்கு 25.6 ஜிபி கடத்தும், எந்த எஸ்எஸ்டியும் பக்கத்தில் வராது. கணவரின் பயத்துக்கும் இதுவே பதில்: கம்பெனி வேறாக இருப்பதால் எதுவும் எரியாது. மின்னழுத்தம், தலைமுறை (டிடிஆர்4, டிடிஆர்5 என்பது அது), வடிவம் மூன்றும் பொருந்தினால் போதும். வேகம் வேறாக இருந்தால் குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கி ஓடும். அபூர்வமாக இரண்டு சிப் வகைகள் ஒத்துப்போகாமல் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வரும். அதற்குத்தான் சோதனை.

புதிய லேப்டாப் வேண்டுமா என்றால், வேண்டாம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்களுடையது 11-ஆம் தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11-ஐ முறையாகவே ஓட்டுகிறது. நல்ல உடம்பு, சாப்பாடுதான் போதவில்லை.

கூடையில் உள்ள மூன்றும்

முதலாவது, மலிவானது, “டிடிஆர்4 3200 16ஜிபி யூடிம்”. யூடிம் என்றால் மேசைக் கணினிக்கானது. நீளம் 13 சென்டிமீட்டருக்கு மேல், 288 பின். உங்களுக்கு வேண்டியது சோடிம், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், 260 பின். நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது சோடிம்தான், ஆனால் டிடிஆர்5 4800. அது 262 பின், 1.1 வோல்ட். உங்களுடையது டிடிஆர்4, 1.2 வோல்ட். நடுவிலுள்ள வெட்டுக் குறி இடம் மாறியிருக்கும், உட்காரவே உட்காராது. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும். புதியது பழையதைவிட நல்லதுதானே என்ற எண்ணம் ரேமில் செல்லாது.

மூன்றாவது டிடிஆர்4 3200 சோடிம் 16ஜிபி, 1.2 வோல்ட், சிஎல்22 (தாமத அளவு). இதுதான் சரியான வகை. கடையில் கேட்கும்போதும் இதே வரியைச் சொல்லுங்கள். ஸ்டிக்கின் மேலுள்ள வெள்ளைத் தாளில் “16ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்” என்பதுபோல் அச்சிட்டிருக்கும். 16 கொள்ளளவு, 2ஆர்எக்ஸ்8 சிப்புகளின் அமைப்பு, பிசி4 என்றால் டிடிஆர்4, 3200 வேகம், கடைசி எஸ் சோடிம். 2ஆர்எக்ஸ்8 அல்லது 1ஆர்எக்ஸ்8 என்று இருப்பதை எடுங்கள். எக்ஸ்16 என்று முடிவது வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் மெதுவானது, விலை உண்மையிலேயே குறைந்தால் மட்டும் யோசிக்கலாம். பளபளப்பான உலோக உறை, கேமிங் என்ற பெயர், இவற்றுக்குக் கூடுதலாக ஒரு காசும் தரவேண்டாம். உங்கள் பிராசசர் டிடிஆர்4-இல் 3200-க்கு மேல் ஓட்டாது.

வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்குகள் கடைகளில் குறைந்த விலைக்கும் கிடைப்பதுண்டு. ரேமில் தேயும் பகுதி எதுவும் இல்லை, ஆறு மாதமாவது கடை உத்தரவாதம் தந்தால் தயங்காமல் வாங்கலாம். மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் செய்துவந்த சில்லறை விற்பனையை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கடையில் மிச்சமிருக்கும் குருஷியல் நல்ல சரக்குதான், உத்தரவாதமும் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பினாங்குக்காரர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமான செய்தி, பத்து கவானில் அந்த நிறுவனத்தின் ஆலை நிற்கிறது.

மாட்டும்போது

கடையில் மாட்டினாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுதாக அணைத்து, சில மாடல்களில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) உள்ள “டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி”யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையை இருபக்கமும் நெம்பி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லாட்டில் ரேமைச் செருகித்தான் போர்டுகள் கெடுகின்றன, கம்பெனி மாறியதால் இல்லை.

அடிமூடியின் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவம் வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அங்கேயே ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டைக்குரிய துளையில் முறுக்கினால் மேலே விசைப்பலகைப் பக்கம் குத்திவிடும். மூடியை நெம்ப இரும்புத் திருப்புளி வேண்டாம், காலாவதியான டச் அண்ட் கோ அட்டை போதும்.

ஸ்டிக்கின் இருபக்கமும் உள்ள உலோகக் கொக்கிகளை வெளிப்புறமாக விரித்தால் பழையது தானே சாய்வாக எழும். புதியதைச் சுமார் 30 பாகை சாய்வில், வெட்டுக் குறியைப் பார்த்து உள்ளே தள்ளுங்கள். தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய முழுதும் மறையவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தங்கம் தெரிந்தால் இன்னும் போகவில்லை. பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கியும் “கிளிக்” என்று பிடிக்கும். மாட்டிய பிறகு வரும் புகார்களில் மிகுதியானவை இந்த ஒரு மில்லிமீட்டரால்தான்.

முதல் முறை இயக்கும்போது திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். புதிய ரேமின் அளவீடுகளை லேப்டாப் அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. பதறி அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் ஒன்றும் வராவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள்.

உள்ளே வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 19.7 அருகில் தெரிகிறதா, வேகம் 3200 காட்டுகிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் பெயரையும் பாருங்கள். இரட்டைத் தடம் ஓடினால்தான் உங்கள் பிராசசரில் அது “ஐரிஸ் எக்ஸ்இ” என்று பெயர் சொல்லும். வெறும் “யுஎச்டி” என்று மாறியிருந்தால் இரட்டைத் தடம் ஓடவில்லை என்று கடைக்காரரிடம் காட்டுங்கள். அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை யுஎஸ்பியிலிருந்து இயக்கி நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு பிழை என்பது நாளைக்கு மதிப்பெண் கோப்பு ஒன்று கெட்டுப்போவது.

பில்லும் உரிமையும்

உங்கள் லேப்டாப்பின் தயாரிப்பாளர் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருப்பதால் மூடியைத் திறப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. இனி கவனிக்க வேண்டியது புதிய ஸ்டிக்கின் உத்தரவாதம்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற அறிவிப்பைப் பார்த்து ஒதுங்கிப் போகாதீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்றும், வாங்குபவர் சொன்ன குறிப்பிட்ட பயனுக்குப் பொருந்தவேண்டும் என்றும் உத்தரவாதம் தருகிறது. எந்த அறிவிப்புப் பலகையும் அதை நீக்க முடியாது. இரண்டாவது பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: லேப்டாப் மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லி, “இந்த மாடலுக்கு” என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு பொருந்தாவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

அதே நேரம், இணையத்தில் யூடிம் என்று தெளிவாகப் போட்டிருப்பதை நாமே தவறாக வாங்கிவிட்டு விற்பவரைக் குறை சொல்ல இந்தச் சட்டம் உதவாது. மனம் மாறிவிட்டது என்பதும் காரணமாகாது. இணையத்தில் வாங்க நேர்ந்தால், சோதித்து முடிக்கும்வரை “பொருள் கிடைத்தது” என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். பொட்டலம் பிரிப்பதை ஒரே தொடர் காணொளியாக எடுத்து வையுங்கள்.

கடை இழுத்தடித்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்தே வெள்ளிக் கட்டணத்தில், மூன்றாண்டுக்குள் மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் பில்லும் புகைப்படமும் கையில் இருப்பது நல்லது. ஸ்டிக்கின் எண் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள், வெயிலில் அந்தப் பில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.

கழற்றிய பழைய 4 ஜிபியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்குங்கள். புதியது வந்த உறையிலேயே அதைப் போட்டு வையுங்கள். பின்னால் என்றாவது நீலத்திரை வந்தால், பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்தே கோளாறு புதிய ரேமிலா வேறெங்குமா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.